எஸ்.எஸ்.பி. குழுத் தேர்வுகள்: மூன்றாவதாகப் பேசுவது எப்படி?

முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. (சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு) தேர்வில், பெங்களூரில் கான்பரன்ஸ் எனப்படும் தேர்வாளர்களின் இறுதிக் கூட்டம் முடிந்து, தேர்வானவர்களுடையதாக வாசிக்கப்பட்ட மார்பு எண்களில் (தேர்வர்கள் மார்பில் அணியும் அடையாள எண்கள்) என்னுடையதும் இருந்தது. சி.டி.எஸ். (கம்பைன்ட் டிஃபென்ஸ் சர்வீசஸ்) எழுத்துத் தேர்வின் வழியாக, சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு விண்ணப்பித்திருந்தேன். மருத்துவப் பரிசோதனையும் இறுதித் தகுதிப் பட்டியலும் இன்னும் மீதமிருக்கின்றன. எல்லாம் நினைவில் பசுமையாக இருக்கும்போதே, பேச்சு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எழுதி வைக்கிறேன். உளவியல் தேர்வுகளுக்கு வேறு நல்ல வழிகாட்டல்கள் ஏராளமாக உள்ளன.

நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில், எப்படியாவது முதல் ஆளாக வாய் திறந்துவிட வேண்டும் என்பதை வேதவாக்காகவே சொல்லிக்கொடுத்தார்கள். கட்டிய பணத்துக்கு எனக்குக் கிடைத்த மிக மோசமான அறிவுரை அதுதான். இயல்பிலேயே குறைவாகப் பேசுகிறவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. அதிகாரிக்குரிய 15 பண்புகளில் ‘பவர் ஆஃப் எக்ஸ்பிரஷன்’ (கருத்தை வெளிப்படுத்தும் திறன்) ஒன்று மட்டுமே. ஒத்துழைப்பும், குழுவைத் தன் கருத்தின் பக்கம் கொண்டுவரும் திறனும் அதே விவாதத்தில்தான் கவனிக்கப்படுகின்றன.

ஆகவே மூன்றாவதாகப் பேசுங்கள். பி.பி.டி.டி. எனப்படும், படம் பார்த்துக் கதை எழுதும் தேர்வில், ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்லி முடித்ததும் குழுவுக்கான ஒரே பொதுக்கதையை உருவாக்கும் விவாதம் தொடங்கும் முதல் அரை நிமிடம் பெரும்பாலும் மீன்சந்தைதான். அந்த நேரத்தில் கத்துவதால் உங்கள் குரல் யாருக்கும் எட்டாது. இரண்டு பேர் தங்கள் கருத்தை ஓரளவு சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில், “7-ஆம் எண் சொன்ன கிராம மருத்துவரையும் 11-ஆம் எண் சொன்ன வெள்ளத்தையும் ஒரே கதையில் வைக்கலாம், அப்படியானால் நாயகனின் வயதை மட்டும் நாம் முடிவு செய்தால் போதும்” என்பதுபோல் இருவரையும் இணைத்துப் பேசிப் பாருங்கள். எண்ணைச் சொல்லிக் குறிப்பிடப்பட்ட அந்த இருவரும் உடனே அமைதியாகிக் கேட்பார்கள். அவர்கள் கேட்டால் மற்றவர்களும் கேட்பார்கள். இதைச் செய்ய, மற்றவர்கள் கதை சொல்லும்போது உங்கள் கதையை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பதை நிறுத்திவிட்டு, எண்ணையும் கதையின் மையத்தையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். அது பழக்கத்தால் மட்டுமே வரும். நான் வீட்டில் நாலைந்து பேர் கூடிப் பேசும்போதெல்லாம், யார் என்ன சொன்னார் என்பதைப் பிற்பாடு வரிசையாக எழுதிப் பார்த்துப் பழகினேன். (அக்கம்பக்கத்து வம்புகளை இத்தனை சிரத்தையாகக் கேட்டவர்கள் எங்கள் தெருவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.)

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களை மிகவும் சோர்வடைய வைப்பது, விவாதம் சட்டென்று இந்திக்குத் தாவுவதுதான். அதைப் பற்றிப் புகார் தொனியில் எதுவும் சொல்ல வேண்டாம். அதுவரை புரிந்ததை ஒரே ஆங்கில வாக்கியத்தில் தொகுத்து, “நான் புரிந்துகொண்டது சரிதானா?” என்று பேசியவரிடமே கேளுங்கள், அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்ல நேரும், பேச்சும் அங்கேயே தொடரும். என் குழுவில் இது இரண்டு விவாதங்களிலும் பலித்தது.

லெக்சரெட் எனப்படும் குறுஉரைத் தேர்வில் அட்டையிலுள்ள நான்கு தலைப்புகளில் மிகக் கடினமானதைத் தேர்ந்தெடுப்பதில் வீரம் எதுவும் இல்லை. மூன்று நிமிடம் தடையின்றிப் பேசக்கூடிய தலைப்பு எதுவோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்புக்குத் தரப்படும் மூன்று நிமிடங்களில் முதலில் கடைசி வாக்கியத்தை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே தொடக்கத்துக்கு வருவது என் வழக்கம். நேரம் முடியப்போகிறது என்ற எச்சரிக்கை வந்ததும் பலர் தடுமாறுவதற்குக் காரணம், எங்கே இறங்குவது என்று தெரியாமல் ஏறியதுதான்.

பயிற்சிக்கு நான் செய்தவை:

நாளிதழின் தலையங்கத்தைத் தமிழில் படித்து, அதை ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் சொல்லிப் பார்த்தேன். படித்த மொழியும் பேசும் மொழியும் வேறாக இருந்தால் மனப்பாடம் செய்ய முடியாது.

கண்ணாடி முன் பேசவில்லை, ஏனெனில் கண்ணாடி குறுக்கே கேள்வி கேட்பதில்லை. என் அக்கா கேட்டார்.

கைபேசியில் பதிவு செய்து கேட்டபோது, ‘பேசிக்கலி’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்பதை மட்டும் கவனித்தேன்.

குழுத் திட்டமிடலில், அதாவது மாதிரி வரைபடத்தில் காட்டப்படும் பல பிரச்சினைகளுக்குத் தீர்வு காணும் தேர்வில், பத்து நிமிடம் எழுதியதைப் பிறகு குழுவில் பேசும்போது, “விரைவாக உதவி அனுப்பலாம்” என்ற அளவில் நிறுத்தாதீர்கள். எந்தப் பிரச்சினை முதலில், யார் போவது, எந்த வழியில், எவ்வளவு நேரத்தில் என்ற வரிசையில், மாதிரி வரைபடத்தைச் சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள். தூரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுச் சொல்பவரிடம் குழு தானாகவே திரும்பும். இறுதியில் திட்டத்தை விளக்க உங்களைக் குழு தேர்ந்தெடுக்காவிட்டாலும் கவலை வேண்டாம். என் குழுவிலும் வேறொருவர்தான் விளக்கினார், நான் அவர் விட்ட ஒரு நேரக் கணக்கை மட்டும் எடுத்துக்கொடுத்தேன்.

கமாண்ட் டாஸ்க்கில், அதாவது நீங்கள் தலைவராக இருந்து தடைகளைக் கடக்கும் தேர்வில், உங்களுக்கு உதவ வரும் இருவரிடமும், வேலையைத் தொடங்கும் முன்பே முழுத் திட்டத்தையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டளையிலும் ஆளின் பெயர், பொருள், செயல் மூன்றும் இருக்க வேண்டும். “பிடிங்க, பிடிங்க” என்று கத்தினால் இருவருமே ஒரே கயிற்றைப் பிடிப்பார்கள். பலகையின் ஒரு முனையில் ஒருவர் அழுத்தி நிற்க, மறுமுனையில் இன்னொருவர் நடந்து செல்லும் கட்டத்தில், அழுத்துபவர் எப்போது இறங்கலாம் என்பதைச் சொல்ல மறந்தால் நடப்பவர் விழுவார்.

தனிநேர்காணலில் பேச்சு சம்பந்தமாக ஒன்றே ஒன்றுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண், பிடித்த ஆசிரியர், நண்பர்கள், பொழுதுபோக்கு என்று தொடர்ச்சியாக அடுக்கப்படும் கேள்விக் கோவையைக் கேட்ட வரிசையிலேயே பதிலளியுங்கள், நடுவில் ஒன்று மறந்துபோனால், நீங்களாக ஊகித்து எதையாவது சொல்லாமல், “சார், அடுத்த கேள்வியைத் திரும்பச் சொல்ல முடியுமா?” என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.