காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்காக ஒரு கட்டடம்

முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பு மையம் என்றதும், முதியோர் இல்லத்தைச் சற்றுச் சுருக்கிக் கட்டினால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காரைக்குடி அருகே ஓர் அறக்கட்டளைக்காக அப்படியொரு மையத்தை வடிவமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, நிர்வாகிகளுடன் முதலில் பேசித் தெளிந்தது இதைத்தான். இங்கே யாரும் இரவு தங்குவதில்லை. காலை ஒன்பதரைக்கு வருவார்கள். மதியம் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்வார்கள். மாலை நான்கரைக்கு வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டில் தனியாகக் கிடக்கும் அந்த நேரத்துக்குத்தான் இந்தக் கட்டடம்.

இந்த நேரக் கணக்கு தெளிவானதும் பாதி வேலை முடிந்தது. கனமான சுவர்கள் பகல் வெயிலை உள்வாங்கி இரவில் வெளியே விடும். குடியிருக்கும் வீட்டில் அது தொல்லை. எங்கள் மையத்தில் இரவில் யாரும் இல்லை என்பதால் அதுவே வசதி. கூரையை ஒட்டி, கம்பியும் கொசுவலையும் அடித்த மேல்ஜன்னல்களை வைத்தோம். காவலாளி அவற்றை மாலையில் திறந்துவிடுவார். இரவுக் காற்று சுவரையும் தரையையும் ஆற்றிவிடும். காலையில் வெயில் ஏறுவதற்குள் மூடிவிடுவார். சோலார் தகடுகளுக்கும் இதே கணக்குதான். வெயில் அடிக்கும் நேரமும் ஆட்கள் இருக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதால் பேட்டரிக்குப் பெரிய செலவு தேவைப்படவில்லை. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் போட்டோம். 75 வாட் மின்விசிறிகளுக்குப் பதில் 30 வாட்டுக்குள் ஓடும் புதுவகை மின்விசிறிகளை வாங்கினோம்.

ஏசி வேண்டுமா என்பதில் பெரிய விவாதம் நடந்தது. பசுமைக் கட்டடம் என்று சொல்லிவிட்டு ஏசி வைப்பதா என்று அறக்கட்டளையில் சிலர் கேட்டார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. வயதானால் வியர்ப்பது குறையும், தாகம் தெரியாது. காற்றே உடல் சூட்டைவிடச் சூடாக இருக்கும் நாளில் மின்விசிறி அனலைத்தான் மேலே வாரிக் கொட்டும். கத்திரி வெயிலில் ஒரு முதியவருக்கு மயக்கம் வந்தால், சுவரின் தடிமனைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. ஆகவே ஓய்வறை ஒன்றுக்கு மட்டும், சோலார் மின்சாரத்தில் ஓடும் அளவுக்கு, ஒரு சிறிய ஏசி. மற்ற இடங்களில் வெயில் உள்ளே வராமல் தடுப்பதே எங்கள் வழி.

கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டி, ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்தோம். மேற்கில் சரக்கறையும் மாடிப்படியும் மட்டும். வடக்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு எதற்கு என்று மேஸ்திரி கேட்டார். காரைக்குடி பத்து டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் உச்சியைத் தாண்டும் சூரியன் ஆகஸ்ட் கடைசிவரை வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஆகவே இரண்டு பக்கமும் சன்ஷேடு வேண்டும். ஜூன் மாத நண்பகலில் தளத்தில் ஒரு கம்பியை நட்டு நிழல் தெற்கே விழுவதைக் காட்டியபின் அவரே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் பரவலாக்கிய முறை இது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் சுவருக்குள் வெற்றிடம் கிடைக்கிறது. செங்கல் கால்வாசி மிச்சம். வெப்பமும் எளிதில் உள்ளே வராது. "உள்ளே பொந்தாக இருக்கிறதே மேடம், தாங்குமா?" என்று கொத்தனார் தயங்கினார். மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டிப் பார்த்தபின் அவருக்குக் கை படிந்தது. ஆனால் அவருடைய கேள்வி வேறோர் இடத்தில் மிகச் சரியானது. கழிப்பறையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் தன் முழு எடையையும் போட்டு எழுவார். பொந்துச் சுவரில் அடித்த போல்ட் அதைத் தாங்காது. ஆகவே கம்பி வரும் சுவர்களை மட்டும் வெற்றிடம் இல்லாமல் முழுச் சுவராக எழுப்பினோம். செங்கல் கொஞ்சம் கூடத்தான் ஆயிற்று. இந்த மாதிரி இடங்களில் மிச்சம் பார்க்கக் கூடாது.

தரை விஷயத்தில்தான் எனக்கு மனப்போராட்டம். ஆத்தங்குடி டைல்ஸ் பக்கத்திலேயே கிடைக்கிறது. சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளை கிடையாது, விறகு கிடையாது, நெடுந்தூர லாரி கிடையாது. உள்ளூர்க் கைகளுக்கு வேலை. இவ்வளவு இருந்தும் அதன் அழகான பூக்கோலம் முதிய கண்ணுக்கு ஆகாது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் சென்ற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். மறதி நோய் உள்ளவர்களுக்குத் தரையில் இருக்கும் கருங்கட்டம் பள்ளமாகத் தெரியலாம். காலை எடுத்து வைக்கவே பயப்படுவார்கள். ஆகவே தரைக்கு அதே ஊர்ப் பட்டறையில் பூவேலை இல்லாத ஒரே நிறக் கற்களை வாங்கினோம். ஓரத்தில் வேறு நிறப் பட்டைகூட வைக்கவில்லை. அது படிபோலத் தோன்றும். பூக்கோலம் போட்ட கற்கள் திண்ணையின் முகப்பிலும் கைகழுவும் இடத்துச் சுவரிலும் ஏறின. ஈரமாகும் இடங்களில் மட்டும் சொரசொரப்பான கல்.

வெள்ளைச் சுவரில் பளபளக்கும் எஃகுக் கம்பி கண்புரை உள்ளவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அதனால் கைப்பிடிகளுக்கு அடர்நீலம் பூசினோம். கழிப்பறைக் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கதவோரம் கிடந்தாலும் திறந்துவிடலாம். தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பலாம். பெரிய கூடத்திலிருந்து கழிப்பறை வாசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன். எங்கே போவது என்று தெரியாமலும், எழுந்து போனால் நேரமாகுமே என்ற கூச்சத்திலும் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் பலர். வெயில் காலத்தில் அது ஆபத்து.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முற்றம் இல்லாத கட்டடம் கட்டடமே அல்ல. காற்றோட்டத்துக்கும் வெளிச்சத்துக்கும் எனக்கும் அது வேண்டும். ஆனால் பள்ளமான முற்றம் என்றால் விழுந்து இடுப்பு முறிய ஒரு வழி செய்து கொடுத்ததாகிவிடும். ஆகவே முற்றத்தின் தரையைத் தாழ்வாரத்தோடு சமமாக வைத்து, சுற்றிலும் கம்பிச்சல்லடை மூடிய வாய்க்கால் ஓடவிட்டோம். மழைநீர் அதன் வழியாகத் தொட்டிக்கும், நிரம்பினால் உறிஞ்சுகுழிக்கும் போகும்.

வாசலில் தனியாகச் சாய்தளம் வைக்கவில்லை. படிக்கட்டு ஒரு பக்கம், சக்கர நாற்காலிக்கு ஓர் ஓரம் என்று பிரித்தால், கைத்தடி ஊன்றுகிறவர் ரோஷத்தில் படியில்தான் ஏறுவார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி அனுமதிக்கும் சரிவு. நாங்கள் ஒன்றுக்கு இருபதாகக் குறைத்து, நாற்பத்தைந்து சென்டிமீட்டர் பேஸ்மட்டத்துக்கு ஒன்பது மீட்டர் நீளத்தில், புங்கை நிழலில் ஒரே நடைபாதையாகப் போட்டோம். எல்லோரும் அதில்தான் வருகிறார்கள்.

வரைபடம் முடிந்ததும், வரப்போகிறவர்கள் சிலரோடு உட்கார்ந்து காட்டினோம். காகிதத்தில் கோடுகளைப் பார்த்து அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடந்து காட்டியதும் பேச ஆரம்பித்தார்கள். அமைதியாக இருக்கட்டும் என்று உட்காரும் இடத்தைப் பின்பக்கத் தோட்டத்தைப் பார்க்க வைத்திருந்தோம். ஓர் ஆச்சி கேட்டார்: "போகிறவர் வருகிறவரைப் பார்க்க முடியாத இடத்தில் நான் எதற்குத் தாயி நாளெல்லாம் உட்கார வேண்டும்?" தெருவைப் பார்த்த நீளத் திண்ணை அப்படி வந்ததுதான். உட்கார்ந்து எழ வசதியாக உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர், இடையிடையே கையூன்ற மரக்கட்டை.

கட்டட அனுமதி வாங்கிய கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். எலிப்பொறிக் கட்டையும், ஓடு பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் தளத்தையும் பார்த்ததும் கோப்பு நின்றுவிட்டது. கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கீடும் சான்றும் இணைத்தபின்தான் நகர்ந்தது. இதுபோலக் கட்ட நினைப்பவர்கள் அந்தச் சான்றை முதல் விண்ணப்பத்தோடே வைத்துவிடுங்கள்.

மையத்தை ஒப்படைத்தபோது ஒரு பராமரிப்புக் குறிப்பேடும் எழுதிக் கொடுத்தோம். ஐப்பசி மழைக்கு முன் உறிஞ்சுகுழியைத் தூர்வார வேண்டும், சித்திரைக்கு முன் மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், தகடுகளில் படியும் தூசியைக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கைப்பிடிக் கம்பிகளின் போல்ட்டை மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்கும் வேலையை மட்டும் எழுதியதோடு விடவில்லை. அங்கே பணிபுரியும் பெண் ஒருவரிடம் நேரில் செய்து காட்டி, ஸ்பேனரையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.