மவுஸ் அவர் கையில் இருக்கட்டும்

புதிதாகச் சேர்ந்தவருக்கு அலுவலகக் கணினியைச் சொல்லிக்கொடுக்கும்போது மவுஸை நீங்கள் பிடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், அவரே கிளிக் செய்யட்டும். நாம் மளமளவென்று செய்துகாட்டினால் தலையாட்டுவார், மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது.

முக்கியமாக, உள்நுழையும்போது பாஸ்வேர்டோடு சேர்த்துப் போட வேண்டிய எண்ணைக் காட்டும் அந்த அதென்டிகேட்டர் செயலி. அதில் வரும் 6 இலக்க எண் பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை மாறும். பாதி தட்டும்போதே மாறிவிட்டால் பலர் பதறிப்போகிறார்கள். "அவசரமில்லை, அடுத்த எண் வரட்டும், அதைப் போடுங்க" என்று சொல்லுங்கள், முகமே தெளிந்துவிடும்.

எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனோடு எல் அழுத்தித் திரையைப் பூட்டப் பழக்குங்கள். அப்புறம், ஷேர்டு ஃபோல்டர் அனுமதியை அவர் சேரும் முன்பே ஐடி பிரிவில் கேட்டு வாங்கி வையுங்கள். ஆசையோடு வந்தவரை முதல் நாள் முழுக்க 'ஆக்சஸ் டினைடு' பார்க்க வைப்பது பெரிய கொடுமை.