எடை ஒன்று, கொள்ளளவு வேறு

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றின் சல்லடை அறையில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், கனடாவில் இலக்குச் சுடுதலில் ஈடுபடும் என் மச்சான், பித்தளை ரவைக்கோதுகளைத் தரம் பிரிப்பது பற்றி என்னோடுதான் தொலைபேசியில் பேசுவார். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டிய நம் நாட்டில் அந்த வேலையை நான் தொட்டதில்லை. ஆனாலும் அவர் சொல்லும் எண்களை, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோல் எழுதுவதுபோல ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன்.

அவர் சுடுவது, 1952 இல் சந்தைக்கு வந்த .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் ரவை. சுட்ட கோதுகளைச் சேர்த்து, புதிய பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துகிறார். முதலில் இருநூறு கோதுகளை ஒரே குவியலாகக் கொட்டி, 0.1 கிரெயின் (ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 0.065 கிராம்) வரை காட்டும் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே தொழிற்சாலைக் கோதுகளா என்று கேட்டேன். இல்லை. உயர்நிலக் கொழுந்தையும் தாழ்நிலக் கொழுந்தையும் ஒன்றாக அரைத்துவிட்டால், அதன்பின் சல்லடைக்குத் தெரிவது துகளின் அளவு மட்டுமே. கோதின் அடிப்பக்கத்தில் உள்ள தயாரிப்பாளர் முத்திரையைப் பார்த்துப் பிரிப்பதே முதல் வேலை. இராணுவக் கோதுகள் பெரும்பாலும் தடித்தவை. உள்ளிடம் குறைவதால் அதே அளவு மருந்துக்கு அழுத்தம் ஏறும். இது குறி தவறுவதோடு முடிகிற விடயம் அல்ல. அடுத்து, எத்தனை முறை சுடப்பட்டது என்று பார்க்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் கழுத்துப் பித்தளை இறுகி, குண்டைப் பிடிக்கும் பிடி மாறுகிறது.

எடைக்கு அதன் பிறகுதான் இடம். வெளி அளவு ஒன்றானால், கனமான கோதின் உட்கொள்ளளவு குறைவாக இருக்கும் என்பதே அதன் கணக்கு. பித்தளை நீரைவிட ஏறக்குறைய எட்டரை மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே எடையில் 8.5 கிரெயின் வேறுபட்டால்தான் கொள்ளளவில் ஒரு கிரெயின் நீர் வேறுபடும். கூடுதல் பித்தளை அடிவிளிம்பில் இருந்துவிட்டால் அந்த வேறுபாடும் இல்லை. என் சொல்லை நம்பாமல், பழைய பிரைமரைக் கழற்றாத பத்துக் கோதுகளில் ஊசிக்குழாயால் நீர் நிரப்பி நிறுத்துப் பார்த்தார். எடையில் முதலிடம் பிடித்த கோது நீர்க்கணக்கில் நடுவில் நின்றது. மச்சானுக்கு இரண்டு நாள் முகமே சரியில்லை என்று தங்கை சொன்னாள்.

இப்போது எடையில் மிகவும் விலகி நிற்பவற்றை மட்டும் பயிற்சிக்கு ஒதுக்குகிறார். போன ஞாயிறு முதல், கழுத்துச் சுவரின் தடிப்பைச் சுற்றிலும் அளக்கத் தொடங்கியிருக்கிறார். ஒரு பக்கம் தடித்திருந்தால் குண்டு நடு அச்சில் உட்காராது. கொப்பியில் புதிய நிரலுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.