பிப் ஏன் திடீரென்று கம்பைல் பண்ணுகிறது? பை போர்டுகளில் நம்பை ஏற்றிப் பார்த்தது

பைத்தானின் கணித லைப்ரரி நம்பை. பைத்தான் பேக்கேஜ்களை ஏற்றும் கருவி பிப். ராஸ்பெரி பை என்ற சிறு கணினி போர்டுதான் பை. நம்பையை ஏற்றிப் பார்க்க எடுத்துக்கொண்டவை மூன்று: 64 பிட் லினக்ஸ் லேப்டாப், 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் போட்ட பை 4, 512 எம்பி ரேம் உள்ள முதல் பை ஜீரோ. லேப்டாப்பில் ரெடிமேட் வீல் (முன்பே கம்பைல் பண்ணிக் கட்டிய பேக்கேஜ் கோப்பு) இறங்கியது, வேலை முடிந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை.

பை 4-ல் ஓஎஸ்ஸோடு வரும் பைத்தானை விட்டுவிட்டுப் புதிய பதிப்பு ஒன்று போட்டிருந்தது. பிப், வீலுக்குப் பதில் சோர்ஸ் டார் கோப்பை (கம்பைல் பண்ணாத மூல நிரல் மூட்டையை) இறக்கி, 'பில்டிங் வீல்' என்று உட்கார்ந்துவிட்டது. 'யூநேம் -எம்' கேட்டால் ஏஆர்ச்64 (64 பிட் ஆர்ம்) என்கிறது. அதை நம்பி ஏஆர்ச்64 வீலைக் கையால் இறக்கிக் கொடுத்தால், இந்தத் தளத்துக்கு ஒத்துவராது என்று பிப் தள்ளிவிடுகிறது. காரணம் எளிது: யூநேம் சொல்வது கர்னலின் ஜாதகம். 2023-லிருந்து பை 4-ல் 32 பிட் ஓஎஸ்ஸும் 64 பிட் கர்னலோடுதான் எழுகிறது. கர்னலுக்கு மேலே இருக்கும் பைத்தானோ 32 பிட். கேட்க வேண்டியது 'கெட்கான்ஃப் லாங்_பிட்' (32 என்றது), 'டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர்' (ஆர்ம்எச்எஃப், அதாவது 32 பிட் ஆர்ம் என்றது). பிப் எந்தெந்த வீலை ஏற்கும் என்ற முழுப் பட்டியல் 'பிப் டீபக் --வெர்போஸ்' தரும்.

வீலின் பெயரையே படிக்கலாம். 'சிபி311' என்றால் சிபைத்தான் 3.11. 'மெனிலினக்ஸ்_2_17' என்றால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.17 அல்லது அதற்கு மேல். அதற்குப் பதில் மஸ்ல் என்ற சி லைப்ரரியை வைத்து ஓடும் ஆல்பைன் லினக்ஸுக்கு இது ஆகாது, 'மஸ்ல்லினக்ஸ்' என்று தனி வீல் வேண்டும். 32 பிட் பைக்கு வீல் கட்டித் தருவது பைவீல்ஸ் என்ற தளம். அதுவும் அந்தந்த ஓஎஸ் வெளியீட்டின் பைத்தான் பதிப்புக்கு மட்டும். புதிய பைத்தானுக்கு வீல் கிடைக்காதது இதனால்தான்.

சரி, கட்டியே பார்ப்போம் என்றால் முதல் தடை 'பைத்தான்.எச் இல்லை' (கம்பைல் பண்ணத் தேவையான ஹெடர் கோப்பு). ஓஎஸ் பைத்தானாக இருந்தால் பைத்தான்3-டெவ், பில்டு-எசென்ஷியல் இரண்டும் போட்டால் தீரும். அடுத்தது 'கில்டு... சிசி1பிளஸ்' (சிசி1பிளஸ் என்பது சி++ கம்பைலர்). இதைப் பார்த்துக் கம்பைலரைச் சந்தேகிக்கிறவர்கள் அதிகம். உண்மையில் ரேம் தீர்ந்து கர்னல் வெட்டியிருக்கிறது. நான்கு கோர் என்றால் நிஞ்ஜா என்ற பில்டு கருவி தானாக ஆறு வேலையை ஒரே நேரத்தில் ஓட்டும். கம்பைல்-ஆர்க்ஸ் வழியாக '-ஜே1' (ஒரு நேரத்தில் ஒரே வேலை) கொடுத்து, ஸ்வாப்பை (ரேம் போதாதபோது கார்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) 2 ஜிபி ஆக்கினால் மெதுவாக நகரும். முடிந்ததும் ஸ்வாப்பைப் பழையபடி குறைத்துவிட வேண்டும், எஸ்டி கார்டு தேயும். '/டிஎம்பி' என்ற தற்காலிக அடைவு ரேமில் இருந்தால் இடமும் போதாது. டிஎம்பிடிஐஆர் மாறியைக் கார்டில் உள்ள அடைவுக்குத் திருப்ப வேண்டும்.

ஓஎஸ் பைத்தானுக்கே திரும்பியதும் பைவீல்ஸ் வீல் இறங்கியது. ஆனால் இம்போர்ட் செய்தால் 'லிப்ஓபன்பிளாஸ்.எஸ்ஓ.0 திறக்க முடியவில்லை' (நம்பை பயன்படுத்தும் கணித லைப்ரரி). மெனிலினக்ஸ் வீல் தனக்கு வேண்டிய லைப்ரரியை மூட்டை கட்டிக்கொண்டு வரும், பைவீல்ஸ் வீல் வெறுங்கையோடு வரும். ஓஎஸ்ஸின் பேக்கேஜ் கருவியான ஏபிடி வழியாக லிப்ஓபன்பிளாஸ்0 போட்டதும் சரி.

பை ஜீரோவில் விவகாரம் வேறு. டெபியன் லினக்ஸின் ஆர்ம்எச்எஃப் என்பது ஆர்ம்வி7 (ஆர்ம் சிப் கட்டளைத் தொகுப்பின் ஏழாம் பதிப்பு), ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் அதே பெயருக்கு ஆர்ம்வி6. டெபியனுக்குக் கட்டியதை ஆர்ம்வி6 சிப் உள்ள ஜீரோவில் ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று சாகும். இந்தப் போர்டில் சோர்ஸிலிருந்து கட்டுவது வீண் வேலை. ஏபிடி தரும் பைத்தான்3-நம்பையைப் போட்டு, '--சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்' கொடுத்து, ஓஎஸ் பேக்கேஜ்களும் தெரியும்படி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனி பைத்தான் சூழல்) உண்டாக்கினால் போதும். மற்ற பேக்கேஜ்களை ஏற்றும்போது '--ஒன்லி-பைனரி=:ஆல்:' சேர்த்தால், வீல் இல்லாதது கட்ட ஆரம்பிக்காமல் அப்போதே பிழை காட்டி நிற்கும்.