சும்மா விசாரிக்கத்தான் கூப்பிடுறாங்களாம்

"ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்று போன் வந்தாலே பலருக்குக் கைகால் உதறும். ஆனால் ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்கில், எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று என்பதற்காக மட்டும் கைது செய்ய முடியாது, கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் எழுதி வைக்க வேண்டும், தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள, பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் இது 35-வது பிரிவு. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் தனியாகச் சொல்ல வேண்டி வந்தது, அது வேறு கூத்து.

அறுபது தாண்டியவரை, மூன்று வருடத்துக்கும் குறைவான தண்டனை உள்ள வழக்கில் பிடிக்க வேண்டுமென்றால் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும். இது பலருக்குத் தெரியாது.

அப்புறம் கைது மெமோ, அதாவது கைது செய்யும்போது போலீஸ் எழுதும் குறிப்பு. குடும்பத்தில் ஒருவரோ, அந்தப் பகுதியில் மதிப்பான ஒருவரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். போடும் முன் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா என்ற சண்டையெல்லாம் அந்த ஒரு வரியை வைத்துத்தான் நடக்கும்.