தோற்கும் ஆட்டத்தின் கடைசி நிமிடம்

கோட்டைத் தாண்டவிருந்த பந்துக்காகத் தரையில் விழுந்து புரண்டாள் அந்தப் பெண். அவளுடைய அணி 20 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை.

இன்று நேரலையில் பார்த்தேன். 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துத் தகுதிப் போட்டி.

எழுந்தவள் முழங்கால் உறையை மேலே இழுத்துவிட்டு, புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தடுப்பாட்டத்துக்கு ஓடினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். வர்ணனையாளர் மட்டும் அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார். அவருக்கு என்ன அவசரமோ!

தோற்பது உறுதியான பிறகு எதற்கு இந்தப் பாடு என்று தோன்றலாம். ஆனால் புள்ளிப் பட்டியலில் சில அணிகள் சமமாக நின்றால், அவை தமக்குள் ஆடிய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். அதிலும் தீராவிட்டால் புள்ளி வித்தியாசம்தான் பேசும். 18 புள்ளியில் தோற்பதும் 20 புள்ளியில் தோற்பதும் ஒன்றல்ல. இன்னொன்று, கூடைப்பந்தில் தோற்ற அணிக்கும் பட்டியலில் 1 புள்ளி உண்டு. களத்துக்கே வராதவர்களுக்குத்தான் பூஜ்ஜியம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

ஆசியக் கோப்பையில் முதல் 4 இடங்களைப் பிடிப்பவர்களே 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போக முடியும். அதுவும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். அடுத்த வாய்ப்பு வருவதற்குள் இவர்களில் பலருக்கு வயது கடந்திருக்கும்.

12 பேர் கொண்ட அணி. ஒருத்தியின் பெயரைக்கூட நான் செய்தித்தாளில் படித்ததில்லை. வென்றால்தான் எழுதுவோம் என்று எந்த ஆசிரியர் முடிவு செய்தாரோ.