மூன்று முழத் தூரத்தில் ஒரு பூனை

எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டுக் கட்டிய தாமானின், அதாவது குடியிருப்பின், கடைசி வரிசையில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் கால்வாய், அதைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கால்வாய் ஓரத்துச் சிமெண்டுத் திட்டில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. பாதியிலேயே நின்றுபோன அதன் வாலையும் நுனியில் இருந்த கணுவையும் பார்த்த என் மனைவி, யாரோ பாவி வெட்டிவிட்டான் என்று வருந்தினாள். இந்த வட்டாரத்துப் பூனைகள் பலவற்றுக்கு அதுதான் பிறவி வால். மலாய்த் தீவுகளின் பூனைகளுக்கு வால் குட்டையாகவும் நுனியில் முடிச்சிட்டதுபோலவும் இருப்பதை டார்வின் 1868இலேயே எழுதியிருக்கிறார். கறுப்பு, வெள்ளை, செம்மஞ்சள் மூன்றும் கலந்த மேனி என்பதால், அது பெட்டை என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மூன்று நிறமும் சேர்ந்த கடுவன் அபூர்வத்திலும் அபூர்வம்.

பக்கத்து வீட்டுப் பாட்டி, அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், தேங்காய்ச் சிரட்டையில் பால் ஊற்றி வைத்தார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்குத்தான் மிச்சம் என்பதை அவரிடம் சொல்லிப் புரியவைக்க எனக்கு மூன்று நாளாயிற்று. அதன் பிறகு நானே கெம்போங் மீனின் தலையை உப்பும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் அவித்து, முள்ளை எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைந்து வைத்தேன். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், குழம்பில் மிஞ்சியதை அப்படியே கொட்டுவது தருமம் ஆகாது. காலை ஏழு மணிக்கும் மாலை ஆறரைக்கும் வைப்பேன்; கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவேன். இரவு முழுவதும் சோறு கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

எலியைப் பிடித்துப் பிழைத்துக்கொள்ளாதா, நீ ஏன் சோறு போடுகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. செம்பனைக் குலைகளைக் கடிக்கும் எலிகளுக்காகத் தோட்டங்களில் மெழுகுக் கட்டிபோல் ஒரு நஞ்சு வைப்பார்கள். இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் அந்த நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள்கள் தளர்ந்து திரிகிறது, அப்படித் திரிவதாலேயே பூனையின் வாயில் எளிதாகச் சிக்குகிறது. எலிகளைப் பிடிக்கட்டும் என்று தோட்டங்களில் கூட்டுப்பெட்டி வைத்து வரவழைக்கும் ஆந்தைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடத்தான் செய்யும் என்றாலும், பசிக்காக ஓடுவது கொஞ்சமாவது குறையட்டும் என்று நினைத்தேன்.

நான் தட்டை வைத்துவிட்டு மூன்று முழம் பின்னால் நகர்ந்தால்தான் அது திட்டிலிருந்து இறங்கும். நான் இருமினால் ஓடிவிடும். பூனைக்குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய ஏழாம் வாரத்துக்குள் மனிதக் கையைப் பழகியிருந்தால் பிறகு எளிதாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பருவம் கைப்படாமல் போய்விட்டால், வளர்ந்த பின் மடியில் வந்து படுக்கும் பூனையாக அது மாறுவது கடினம். இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தும் எனக்குப் பொறுமை இருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், அது தலை குனிந்து தின்றுகொண்டிருந்தபோது முதுகைத் தொட்டேன். பெருவிரலின் அடியில் இரண்டு ஊசித் துளை. இரத்தம்கூட அதிகம் வரவில்லை. பூனைப் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும், மேலே தோல் மூடிக்கொள்ள உள்ளே கிருமி தங்கிவிடும். சவர்க்காரம் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவியும், அன்று இரவே கை கொழுக்கட்டைபோல் வீங்கியது. கிளினிக்கில் ஓர் ஊசியும் ஒரு வாரத்துக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். குற்றம் பூனையுடையது அன்று. அது எனக்குப் பத்து நாள் முகம் காட்டவில்லை. தட்டு மட்டும் நான் உள்ளே போனபின் காலியாகும்.

மறுபடி தொடங்கியபோது நான் எதுவும் செய்யாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். படிக்கட்டில் பக்கவாட்டாகத் திரும்பி உட்காருவேன். அதைப் பார்க்காமல் பத்திரிகை படிப்பேன். பார்த்தால் கண்ணைப் பாதி மூடி, மெல்லத் திறப்பேன். மனிதர்கள் இப்படி மெதுவாக இமைத்தால் பூனையும் பதிலுக்கு இமைக்கும், அருகில் வரவும் கூடுதலாக இசையும் என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டிருந்தார்கள். பாட்டி வேலிக்கு அப்பாலிருந்து, “என்ன தம்பி, கண்ணுல தூசியா?” என்று கேட்டார். ஆறாம் நாள் பூனையும் இமைத்தது, அல்லது இமைத்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் சோறு போடுவது பாதி வேலைதான் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே சினைப்பட முடியும், ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் ஈனும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படவும் கூடும். நான் போடும் சோறு அடுத்த பிரசவத்துக்குப் பத்தியச் சாப்பாடாக முடியக்கூடாது. ஈப்போவிலுள்ள ஒரு விலங்கு மருத்துவரிடம் நாள் வாங்கிக்கொண்டு, ஒரு நண்பரிடம் பொறிக்கூண்டை இரவல் வாங்கினேன். எட்டு நாள் அதன் கதவைக் கம்பியால் திறந்தபடியே கட்டி, தட்டை முதலில் வாசலிலும், பிறகு நடுவிலும், கடைசியில் உட்கோடியிலும் வைத்தேன். ஒன்பதாம் நாள் கம்பியை அவிழ்த்தேன். கதவு விழுந்த சத்தத்தை இன்னும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. கூண்டு முழுவதும் உருண்டு முட்டியது. ஒரு பழைய கைலியை மேலே போர்த்தியதும், விளக்கை அணைத்ததுபோல் அடங்கிவிட்டது. அறுவை முடிந்து, மயக்கத்திலேயே காதின் நுனியையும் சிறிது வெட்டிவிட்டார்கள். கருத்தடை ஆன பூனை என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கான அடையாளம் அது, மறுபடி யாரும் பிடித்து வயிற்றைக் கீற வேண்டியதில்லை. இரண்டு இரவு குளியலறையில் வைத்திருந்து, மூன்றாம் நாள் விடியற்காலையில் திட்டருகே கூண்டைத் திறந்தேன். திரும்பிப் பார்க்காமல் செம்பனைக்குள் போய்விட்டது.

நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை, பழைய இடத்தில், பழைய மூன்று முழத்தில் உட்கார்ந்திருந்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்கினோம்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. இடைவெளி ஒரு முழத்துக்கு வந்திருக்கிறது. மழை நாள்களில் சமையலறை வாசற்படி வரை வந்து, என் ரப்பர்ச் சப்பாத்தில் கன்னத்தைத் தேய்த்துவிட்டு, அதன்மேலேயே தலையை வைத்துத் தூங்குகிறது. என் கால் அதற்குள் இருந்தால் வராது. “எப்போ தம்பி தூக்கிக் கொஞ்சப் போறே?” என்று பாட்டி கேட்கிறார். நேற்று மாலையும் மழை. வெளியே போக வேண்டியிருந்தது, சப்பாத்தை எடுக்க மனம் வரவில்லை, ஜப்பான் சிலிப்பரிலேயே போய்வந்தேன்.